ஒதுக்கி வைத்த மெஷின்

“இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள அப்டேட் போயாகணும். உன்னால ஆகலைன்னா சொல்லு, வேற ஆளைப் பாத்துக்கறேன்!”

மேனேஜர் போட்ட சத்தத்தில் ஆபீஸே திரும்பிப் பார்த்தது. எதையும் சோதித்துப் பார்த்தே அனுப்பும் அந்த இளம் இன்ஜினியருக்கு ‘ஆமை’ என்று பட்டப்பெயர் வைத்தவர்கள் கமுக்கமாகச் சிரித்தார்கள்.

“படுக்கையில இருக்கிறவங்களுக்கு மூச்சு கொடுக்கிற மெஷின் சார். புது சாஃப்ட்வேர் ஏறினதும் அணைஞ்சு, மறுபடி எழுந்திரிக்கணும். எழுந்திரிக்கலைன்னா? ராத்திரி முழுக்க இங்கே ஒரு மெஷின்ல ஓட்டிப் பாத்துட்டு அனுப்பறேனே.”

“இப்படிப் பயந்தா காரியம் ஆகுமா? அருமையான அப்டேட்! அனுப்பு.”

அவள் சீட்டுக்குத் திரும்பினாள். கம்ப்யூட்டரில் லினக்ஸ் திரையைத் திறந்து, புது சாஃப்ட்வேரை உருவாக்கும் பில்டை ஓடவிட்டாள். அதைப் பேக்கேஜாகக் கட்டி மெஷின்களுக்கு அனுப்பும் ஸ்கிரிப்டைப் பார்த்தபோது ஒரு வரி கண்ணில் பட்டது.

எல்லா மெஷினுக்கும் அனுப்பு. இந்த ஒரு நம்பருக்கு மட்டும் அனுப்பாதே.

“இது என்ன கூத்து?” என்று பக்கத்து சீட்டுக்காரரைக் கேட்டாள்.

“உனக்கு முன்னாடி இருந்தவர் எழுதினது. அந்த மெஷினுக்கு மட்டும் எப்பவும் ஒரு வாரம் கழிச்சுத்தான் போகும். ஏன், எதுக்குன்னு யாருக்குத் தெரியும்? கை வைக்காம விடு.”

விட முடியுமா? மண்டை குடைந்தது. கெட்டுப்போன மெஷினோ? தேடிப் பார்த்தாள். அதெல்லாம் இல்லை, நேற்று ராத்திரிகூட ஓடியிருக்கிறது. யாரோ ஒருவர் அதில் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறார். ஊருக்கெல்லாம் பந்தி போட்டு ஒருத்தரை மட்டும் வாசலில் நிறுத்துவானேன்?

வரியை அழித்தாள். பேக்கேஜைக் கட்டி முடித்து மேனேஜரைக் கூப்பிட்டாள்.

“ரெடி சார். ஒரு மெஷினை மட்டும் எதுக்கோ ஒதுக்கி வெச்சிருந்தாங்க. பாவம், அதையும் சேத்துட்டேன். அனுப்பிடவா?”

மேனேஜர் முகம் வெளுத்துவிட்டது. பாய்ந்து வந்து கீபோர்டைப் பிடுங்கினார்.

“எடு! அந்த நம்பரை எடு முதல்ல!”

“ஏன் சார்? அருமையான அப்டேட்னு நீங்கதானே சொன்னீங்க?”

ஆபீஸ் மறுபடியும் திரும்பிப் பார்த்தது. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. மேனேஜரின் குரல் இறங்கிப்போனது.

“சரி, யாருக்கும் அனுப்பாதே. நீ சொன்ன மாதிரியே ராத்திரி ஓட்டிப் பாத்துடு. அது... எங்க அம்மாவோட மெஷின்மா.”