ஊசி முனை

"ஒருத்தரும் காலை எடுத்து வெக்காதீங்க. ஊசி முனையக் காணோம்."

சொன்னவர் சூப்பர்வைசர் பொங்கியண்ணன். சொன்ன கையோடு அவரே முதல் ஆளாக முட்டி போட்டு, அன்புசெல்வியின் மெஷினைச் சுற்றிக் காந்தத்தால் தடவினார். பாவம், வெள்ளைச் சட்டையெல்லாம் பஞ்சு.

"இல்லீங்களே," என்று எழுந்தவர், காந்தத்தைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். மற்றவர்கள் வெறுங்கையால் தரையைத் துழாவத் தொடங்கினார்கள்.

குழந்தைகளுக்கான பனியன் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனி அது. ஊசி உடைந்தால் எல்லாத் துண்டும் கைக்கு வந்தாக வேண்டும். ஒரு துணுக்கு துணியோடு போனாலும் எங்கோ ஒரு பச்சைப்பிள்ளையைக் குத்தும். அதனால் தேடி முடிக்கும்வரை லைன் மொத்தமும் நிற்கும்.

நியாயமான விதிதான். நின்ற நேரத்துக்கு ஆறு மணிக்கு மேல் எல்லோரும் உட்கார்ந்து கூலியில்லாமல் தைத்துக் கொடுக்க வேண்டும் என்பது மட்டும் கம்பெனியே சேர்த்துக்கொண்டது.

ஊசி எல்லோருக்கும் உடைகிறது. முனை தொலைவது அன்புசெல்விக்கு மட்டும்தான். இந்த வாரத்தில் இது மூன்றாவது தடவை.

"உன்னாலதான்டி எனக்கு சேவூர் பஸ் தினமும் போகுது," என்றாள் பக்கத்து மெஷின் பழனாயி. "கண்ண எங்க வெச்சுட்டு ஓட்டற?"

"வேணும்னா உடைக்கறனுங்க்கா?"

"யாரு கண்டா? போன மாசம் ஆடிட்டுக்கு வந்தவங்ககிட்ட, ஆறு மணிக்கு எங்கள உடறதில்லீங்கன்னு சொன்னவதான நீயி. கம்பெனி உன்ன வெச்சிருக்கறதே பெருசு."

கம்பெனியைக் கேட்க முடியாத கேள்வியெல்லாம் சேர்ந்து அவள் தலையில் விழுந்தது. ஊருக்கு இளைத்தவள் ஒருத்தி வேண்டுமல்லவா. அவளுடைய சாப்பாட்டுப் பையை ஒருத்தி காலால் தள்ளினாள். இன்னொருத்தி பின்னாலிருந்து ஸ்டூலை உதைத்தாள்.

"உடுங்கம்மணி, பாவம்," என்றார் பொங்கியண்ணன். அதிர்ந்து பேசாத மனிதர்.

வீட்டில் அடுப்பு எரிவது அன்புசெல்வி ஒருத்தியின் சம்பளத்தில்தான். அதற்காகவே பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஆனால் சனிக்கிழமை, அழுது வீங்கிய முகத்தோடு, கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி பொங்கியண்ணனின் மேஜையில் வைத்தாள்.

"நாங்க உன்னப் போகச் சொல்லலியே, கண்ணு," என்றார்.

"இல்லீங்ணா. நானாத்தான் போறனுங்க."

திங்கட்கிழமை ஒருத்தியின் ஊசி உடைந்தது. முனை உடனே கிடைத்துவிட்டது. பழனாயிக்கு மனசு லேசாக இருந்தது, கொஞ்சம் உறுத்தவும் செய்தது. ஆனால் ஆறு மணி அடித்த பிறகும் மெஷின்களை நிறுத்தச் சொல்லி யாரும் வரவில்லை.

அவள் எழுந்து பொங்கியண்ணனின் மேஜைக்குப் போனாள்.

"ஏனுங்ணா, முனையத் தொலைக்கற புள்ளதான் போயிருச்சே. இனியாவது ஆறு மணிக்கு எங்கள உட்ரலாமுங்கல்ல?"

பொங்கியண்ணன் அவளை நிமிர்ந்து பார்த்தார். கோபமே இல்லாமல் சட்டைப் பைக்குள் கை விட்டு, காந்தத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தார். அதில் மூன்று ஊசி முனைகள் ஒட்டிக்கொண்டிருந்தன.

"உங்க ஊசி நல்லாருக்குதுங்களா, அம்மணி?"