பெறுபவர் கட்டுவார்

'வரியைக் கட்டுபவர் யார்?' என்ற கேள்விக்கு நேரே, 'பெறுபவர்' என்ற கட்டத்தில் கஸ்பர் அழுத்தமாக ஒரு குறி போட்டார்.

கூரியர் கடை மாரிசெல் படிவத்தைத் திருப்பி அவர் பக்கமே தள்ளினாள்.

"சார், கட்டம் மாத்திப் போட்டுட்டீங்க."

"சரியாத்தாம்மா போட்டிருக்கேன்."

ஆகஸ்ட் வரை கனடா எல்லையிலுள்ள இந்த வின்ட்சர்க்காரர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. எண்ணூறு டாலருக்குள் எதை அனுப்பினாலும் ஆற்றுக்கு அந்தப் பக்கம், அமெரிக்காவில், சல்லிக்காசு வரி கிடையாது. அந்தச் சலுகையை எடுத்த நாளிலிருந்து ஊரே மாரிசெலின் மேசைக்கு வந்து புலம்புகிறது. அவள் அசரவில்லை. எதற்கு எவ்வளவு வரி, எதற்கு விலக்கு, எல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம்.

அவளிடம் வந்து யாரும் ஏமாந்து போனதில்லை. கஸ்பரையும் விடுவதாக இல்லை.

கார் தொழிற்சாலையில் எஞ்சின் பூட்டி ஓய்வு பெற்றவர். டெட்ராய்டில் இருக்கும் மகள் இரேனாவின் பிறந்தநாளுக்கு நவம்பர் தவறாமல் பெட்டி அனுப்புகிறவர். இந்த வருடம் முந்நூறு டாலர் மேல்கோட்டு.

"உங்க பொண்ணு நூறு டாலருக்கு மேல கட்டணும் சார். நீங்க இங்கயே கட்டிடுங்க. அவங்களுக்குத் தெரியவே தெரியாது."

"தெரியணும்மா."

வரிசையில் பின்னால் நின்ற பெண்ணுக்குப் பொறுக்கவில்லை. "பரிசோட பில்லையும் சேத்து அனுப்புற அப்பாவை இப்பத்தான் பாக்குறேன்!"

இரண்டு பேர் சிரித்தார்கள். கஸ்பரும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

மாரிசெலுக்குக் கோபம் வந்துவிட்டது. இவ்வளவு கருமியா இந்த மனுஷன்?

"அதுக்குப் பாலத்தைத் தாண்டி நீங்களே கொண்டுபோய்க் கொடுத்துடலாமே. அரை மணி நேரம்கூட ஆகாது."

"வாசல் மிதிக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாளே. அவ அம்மா சாவுக்குக் குடிச்சிட்டுப் போய் நின்னேன். அவ சொன்னதுல தப்பில்ல."

வரிசையில் சிரிப்பு நின்றது.

கஸ்பர் கைபேசியை எடுத்து அவளிடம் நீட்டினார். அத்தனையும் கூரியர்காரர்கள் எடுத்து அனுப்பிய படங்கள். ஒரே பச்சைக் கதவு. சாத்தியிருந்தது. கீழே ஒரு பெட்டி. அடுத்த படத்திலும் அதே கதவு, வேறு பெட்டி. மொத்தம் ஆறு.

"வரி இல்லாத காலத்துல வாசல்ல வெச்சுட்டுப் போயிடுவாங்க. உள்ள எடுத்துட்டுப் போனாளா, குப்பையில எறிஞ்சாளா, யாருக்குத் தெரியும்? இப்பப் பணம் கட்டினாத்தானே கையில கொடுப்பாங்க. வேண்டாத பொருளுக்கு யாராவது நூறு டாலர் கட்டுவாங்களா?"

மாரிசெல் படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். இரேனாவின் முகவரியை ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்துத் தட்டினாள்.

"கட்டுவா, பாரு," என்றார் கஸ்பர். அந்தக் குரலில் கொஞ்சமும் சந்தேகம் இல்லை.

சொல்லாமல் அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை. "கட்டலேன்னா பெட்டி உங்ககிட்டயே திரும்பி வந்துடும் சார்."

"வரட்டும்மா. ஆறு வருஷமா அந்த வீட்டுலேர்ந்து எனக்கு எதுவுமே வந்ததில்ல."