ஒரு படிவம் குறைகிறது

தற்கொலைப் படிவங்களை வட்டாரவாரியாக எண்ணி, வரைபடத்தில் கோடுகளாக்குவது அவள் வேலை. தொற்றுக்கு முன்பு எல்லா வட்டாரங்களும் ஏறக்குறைய ஒன்றாகவே ஏறி இறங்கின. ஊரடங்கில் மற்றவை தாழ்ந்தன. வீடு நிறைய ஆளிருந்தால் யாராவது கவனித்துவிடுவார்கள். தனியாட்கள் மிகுந்த நான்காம் வட்டாரத்தின் கோடு மட்டும் செங்குத்தாக எழுந்தது. அவள் தம்பி அங்கேதான் தனியாக இருந்தான்.

இன்று அந்த வட்டாரத்திலிருந்து வந்த படிவக் கட்டின் மேல் இருபத்தெட்டு என்றிருந்தது, உள்ளே இருபத்தேழுதான். வழக்கப்படி வட்டார எழுத்தரைக் கூப்பிட்டாள்.

"விட்டுப்போனதைச் சொல்றேன், எழுதிக்கோங்கம்மா," என்றார்.

தம்பியின் பெயர், முகவரி, இன்றைய தேதி. இறந்த நேரம், இன்னும் பத்து நிமிடம் கழித்து.

தம்பி போனை எடுக்கவில்லை. அவனுடைய எதிர்வீட்டுத் தச்சரைக் கைபேசியில் பிடித்தாள்.

"கதவை உடைங்கண்ணே!"

கடப்பாரை மோதியது. கண்ணாடி நொறுங்கியது. "புடிச்சிட்டேன்மா! உயிரோடதான் இருக்கான். என்னா முரடும்மா உங்க தம்பி, கையைக் கடிச்சுப் பிச்சிட்டான்!"

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்போது மேசைத் தொலைபேசி அடித்தது.

"கூப்பிட்டியாக்கா? மருந்துக்கடை வரிசையில நின்னேன்," என்றான் தம்பி. "இப்பத்தான் படியேறுறேன். யாருக்கா என் கதவை உடைச்சது?"

இன்னொரு காதில் தச்சர் அலறத் தொடங்கினார்.