வளர்ந்துகொண்டே போன பெலிக்ஸ்

தூத்துக்குடிக் கடற்கரைச் சாலையில் பெலிக்ஸும் மனைவி ஆக்னஸும் விடியலில் சேர்ந்து ஓடுவார்கள். மூட்டு வலி கூடக்கூட, அவர்கள் அணியும் ஷூக்கள் தாமாகவே அடிப்பாகத்து மெத்தையைத் தடிப்பாக்கிக்கொள்ளும். சில வாரங்களாகப் பெலிக்ஸ் உயர்ந்துகொண்டே போனார். அன்று ஆக்னஸ் ஓட்டத்தை நிறுத்தினாள்.

"இந்த வயசுல வளந்துக்கிட்டே போறியளே! முட்டி வலிக்குன்னு சொன்னா என்ன?"

"சொன்னா நீ தனியா ஓடப் போயிருவ. வீட்டுல நாம பேசுறதே இல்ல ஆக்னஸ். இங்கதான பேசிக்கிடுதோம்," என்றார் பெலிக்ஸ்.

ஆக்னஸுக்குக் கண் நிறைந்தது. குனிந்து அவருடைய ஷூக்களைக் கழற்றினாள், பிறகு தன்னுடையவற்றையும். இருவரும் வெறுங்காலோடு மணலில் மெல்ல நடந்தார்கள். வீட்டுக்குள் நுழைந்த பிறகும் அவர்கள் பேச்சு ஓயவில்லை.