விட்டுப்போன நட்சத்திர வரிசை

ஜெசிந்தா நாள் முழுவதையும் ஒரே கோப்பில் எழுதுவாள். கப்பலில் வேலை செய்யும் கணவன் அருளப்பனுக்கான வரிகளுக்கு மட்டும் மேலே *** என்று ஒரு நட்சத்திர வரிசை, கீழே ஒன்று. வாரம் ஒருமுறை கோப்பு வந்ததும் அவள் சொல்லிக்கொடுத்த கட்டளையை அவன் கணினியில் தட்டுவான். நட்சத்திரங்களுக்கு நடுவே உள்ளது மட்டும் திரையில் வரும். மற்றதை அவன் படித்ததில்லை. அப்படித்தான் ஏற்பாடு.

இந்த வாரம் முதல் வரிசையே விட்டுப்போயிருந்தது; முடிவைக் காட்டும் வரிசையைக் கட்டளை தொடக்கமாக எடுத்துக்கொண்டது. அதனால் அவனுக்கானவை வெளியே நின்றுவிட, மற்றவை வந்தன. 'மீன் வாங்கவில்லை, ஒருத்திக்கு எதற்கு.' 'முழங்கால் வீக்கம் வடியவில்லை. அவரிடம் சொல்ல வேண்டாம்.' 'அவர் கழற்றிப் போட்டுப்போன சட்டையை இன்னும் துவைக்கவில்லை.'

விட்டுப்போன வரிசையைத் தானே சேர்த்து மறுபடி தட்டினான். 'நான் சௌக்கியம். மாடித் தொட்டியில் கத்தரி காய்த்திருக்கிறது' என்று வந்தது.

ஞாயிற்றுக்கிழமை போனில் அவள் கேட்டாள்.

"எல்லாம் ஒழுங்கா வந்துச்சா?"

"வந்துச்சு."

"நட்சத்திரம்லாம் சரியாப் போட்டிருந்தேனா?"

"சரியாத்தான் இருந்துச்சு" என்றான். பிறகு அவன் சொன்னான்:

"ஒருத்திக்குன்னாலும் மீன் வாங்கு, ஜெசி."