நாலு நாள் வேலை

வீட்டையே தலைகீழாகப் புரட்டிப் போட்டு நாலு நாளாகத் தேடிய சிவப்புப் பென்டிரைவ், டைப்பிஸ்ட் அக்காவின் கம்ப்யூட்டர் முதுகில் ஜம்மென்று செருகியிருந்தது. ‘அக்காவுமா இப்படி!’ என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே, அவர் சாப்பிடப் போயிருந்த நேரம் பார்த்து அதைப் பிடுங்கிக்கொண்டான் கம்ப்யூட்டர்காரன்.

அந்த நூலகத்தின் பழைய கம்ப்யூட்டர்களுக்கு லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுப்பது அவன் வேலை. டவுன்லோட் செய்த லினக்ஸைப் பென்டிரைவில் முறைப்படி எழுதிச் செருகினால் போதும், மூச்சு வாங்கிக்கொண்டு கிடக்கும் மெஷின்கூட எழுந்து உட்கார்ந்துவிடும். இன்றைக்குச் சிறுவர் பிரிவு மெஷினுக்குப் புதிய பதிப்பு வேண்டியிருந்தது. தன் லேப்டாப்பில் சிவப்பைச் செருகி, பழையதை அழித்துப் புதியதை எழுதத் தொடங்கினான்.

பச்சைக் கோடு பாதி தூரம் நகர்ந்தபோதுதான் அவனுக்குச் சுரீரென்றது.

திங்கட்கிழமை சாயங்காலம் ஆறு மெஷினில் ஐந்தை முடித்துவிட்டு, ஆறாவதாக அக்காவின் மெஷினில் உட்கார்ந்திருந்தான். அதற்குள் வாசலில் மச்சான் ஹார்ன் அடித்தான். சினிமாவுக்கு டிக்கெட் எடுத்திருந்தார்கள். மெஷினுக்குள் ஏற்றாமலே, லினக்ஸைப் பென்டிரைவிலிருந்து ஓடவிட்டபடி எழுந்துவிட்டான்.

“அக்கா, மெஷினை மட்டும் அணைச்சிடாதீங்க. ஸ்கிரீனை அணைச்சாப் போதும். கொஞ்சம் பாக்கி இருக்கு, காலைல வந்து முடிச்சிடறேன்.”

“எல்லாம் புதுசா இருக்கே தம்பி...”

“பழைய மாதிரிதான்க்கா. பூந்து விளையாடுங்க!”

காலையில் வரவில்லை. அப்புறம் அடியோடு மறந்துபோனான். அப்படிப் பென்டிரைவிலிருந்து ஓடும்போது என்ன டைப் அடித்தாலும் மெஷினின் தற்காலிக நினைவில்தான் நிற்கும். பென்டிரைவைப் பிடுங்கிவிட்டால் அத்தனையும் அம்போ.

ஓடிப்போய் அக்காவின் ஸ்கிரீனைப் போட்டான். மவுஸை ஆட்டினான், கீபோர்டைத் தட்டினான். எதுவும் அசையவில்லை. அணைத்துப் போட்டதும் கறுப்புத் திரைதான் வந்தது.

மேசையில் நானூற்று இருபது உறுப்பினர் அட்டைகள் நாலு கட்டாக, நூல் சுற்றி, முடிச்சுக்கூடக் கலையாமல் இருந்தன. முடித்த வேலையை எவ்வளவு அழகாகக் கட்டி வைத்திருக்கிறார், புண்ணியவதி!

அக்கா தற்காலிக ஊழியர். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குள் அட்டைகள் எல்லாம் கம்ப்யூட்டரில் ஏறாவிட்டால் திங்கட்கிழமை வரவேண்டாம் என்று தலைமை நூலகர் சொல்லியிருந்தது அங்கே எல்லோருக்கும் தெரியும். அக்கா வீட்டில் வேலைக்குப் போவது அவர் ஒருவர்தான். இன்றைக்கு வெள்ளிக்கிழமை. மணி இரண்டு.

அக்கா டிபன் பாக்ஸைத் துடைத்துக்கொண்டே வந்தார். “சாப்பிட்டியா தம்பி? முகமெல்லாம் வாடிக் கிடக்கே.”

அதற்குப் பதில் நாலு அறை விட்டிருந்தால் தேவலை. உண்மையைச் சொல்ல வாயெடுத்தவன், “ஆச்சுக்கா” என்று மட்டும் சொன்னான். அக்கா ஸ்கிரீனைப் போடாமல், மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முடித்த நிம்மதியில் ஓய்வெடுக்கிறார் என்று நினைத்ததும் அவனுக்கு அங்கே நிற்கவே கூசியது.

மின்சாரம் போய்விட்டது என்று சொல்லலாமா? பேட்டரி மக்கர் செய்தது என்று? யாருக்கு என்ன தெரியப்போகிறது? மூன்று மணி வரைக்கும் புத்தக அலமாரிகளுக்கு நடுவே இந்தக் கணக்கையே போட்டுக்கொண்டிருந்தான்.

“டைப்பிஸ்டை வரச் சொல்லுங்க” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அக்கா அட்டைக் கட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்தார். கண்ணை மூடிச் சாமியை வேண்டிக்கொண்டார். அதைப் பார்த்ததும் அவனுக்குத் தாங்கவில்லை, முந்திக்கொண்டு உள்ளே போனான்.

“மேடம், அக்கா மேல ஒரு தப்பும் இல்ல. மெஷினுக்குள்ள ஏத்தாம நான்தான் பாதில விட்டுட்டுப் போனேன். இன்னிக்குப் பென்டிரைவையும் நானே பிடுங்கிட்டேன். அவங்க நாலு நாளா அடிச்சதெல்லாம் போயிடுச்சு.”

தலைமை நூலகர் கண்ணாடியைக் கழற்றினார். “எதுக்குப் பாதில விட்டுட்டுப் போனீங்க?”

“சினிமாவுக்கு, மேடம்.”

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் இவ்வளவு தூரம் வந்தபிறகு அதற்குத் தெம்பில்லை.

“நல்லா இருக்குய்யா உங்க வேலை! அடுத்த மாசத்துலேருந்து இங்க வேற ஆளைப் பாத்துக்கறேன்.” பின்னாலேயே வந்து நின்ற அக்காவின் பக்கம் திரும்பியபோது குரல் தணிந்தது. “நீங்க என்னம்மா பண்ணுவீங்க பாவம். பத்து நாள் எடுத்துக்குங்க. திருப்பி அடிச்சிடலாம்.”

அக்கா தலை குனிந்தபடி வெளியே வந்தார். நாலு எட்டு நடந்திருக்க மாட்டார், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார்.

“அக்கா, அழாதீங்கக்கா. என்னை என்ன வேணா திட்டுங்க. சனி, ஞாயிறு நானும் வந்து கூட உக்காந்து அடிக்கறேன். உங்க உழைப்பையெல்லாம் மண்ணாக்கிட்டேன், பாவி!”

அக்கா வேகமாகத் தலையை ஆட்டினார். யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, அவன் கையைப் பிடித்து அலமாரிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்.

“அந்தப் புது ஸ்கிரீன்ல எங்க தட்டணும்னே புரியல. கேக்கவும் கூச்சமா இருந்துச்சு. நாலு நாளா நான் ஒரு எழுத்துகூட அடிக்கல, தம்பி.”