வீட்டில் ஆளில்லை

"ஏனுங்ண்ணா, வெளியூர் போறவங்க பேரும் தேதியும் போதாதுங்களா? எதுக்குப் போறாங்கன்னு நாம எதுக்குங்க கேக்கோணும்?"

"கேளுன்னா கேளு அம்மிணி. காவல் காக்கறது நானா, நீயா?"

வடகரப்பதி கம்ப்யூட்டர் கடையில் தங்கதுரைக்கும், அவனுக்கு வெப்சைட் செய்து கொடுத்த செல்வப்பிரியாவுக்கும் நடந்த சண்டை ரோடு வரைக்கும் கேட்டது. ஜெராக்ஸ் எடுக்க வந்த காளிச்சாமி எட்டிப் பார்த்தார்.

"என்றா தங்கதொர, புள்ளகிட்ட மல்லுக்கு நிக்கறே?"

"ஊருக்கு நல்லது பண்றனுங்க மாமா. ஊட்டைப் பூட்டிட்டுப் போறவங்க போன்ல விவரத்தைப் போட்டு உட்டாப் போதும். நான் காவல் பாத்துக்குவேன்."

"போட்டா அது எங்க போகும்?"

"முன்னால தெரியற பக்கம் சும்மா வாசல் மாதிரிங்கய்யா" என்றாள் செல்வப்பிரியா. "பட்டனை அமுக்கினா விவரமெல்லாம் பின்னால இருக்கற சர்வருக்குப் போயிரும். அங்கிருந்து அண்ணன் போனுக்கு மட்டும் வரும்."

"எனக்கு மட்டும்தானே?"

"போலீஸ்ல இருக்கற எங்க மாமன் வந்து கேட்டாலும் காட்ட மாட்டேனுங்ண்ணா."

போலீஸ் மாமன் என்றதும் தங்கதுரை வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்தான். சிரித்துச் சமாளித்தான்.

கல்யாணத்துக்குப் போகிறவர்கள் நகையை மாட்டிக்கொண்டு போய்விடுவார்கள். பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள்தான் கழற்றி பீரோவில் வைத்துவிட்டுப் போவார்கள். எதுக்குப் போகிறார்கள் என்ற கேள்விக்கு அவன் அத்தனை அடம் பிடித்தது அதனால்தான்.

தை பிறந்ததும் முதல் விவரம் வந்து விழுந்தது.

'காளிச்சாமி. குடும்பத்தோட பழனிக்கு நடக்கறோம். சாவி மாட்டுக்கொட்டாயில தவுட்டு மூட்டைக்கு அடியில. நாய்க்குச் சோறு வெக்கவும். கடிக்காது.'

சாவியைப் பற்றி வெப்சைட்டில் யாரும் கேட்கவே இல்லை. மனுஷன் தானாகவே எழுதியிருந்தார்!

இதுதான் கடைசி என்று தங்கதுரை முடிவு செய்தான். இத்தனை வருஷம் திருடிச் சேர்த்த நகையெல்லாம் அவன் வீட்டுப் பரணில் இருந்தது. இதையும் சேர்த்து விற்றால் கோபாலபுரத்தில் டயர் கடை போட்டு மரியாதையாக உட்கார்ந்துவிடலாம்.

பட்டப்பகலில் போனான். மாட்டுக்கொட்டாயில் நின்று போனில் பட்டியலைத் திறந்து, சாவி இருக்கும் இடத்தை இன்னொரு முறை பார்த்துக்கொண்டான். நாய்க்குச் சோறு வைத்தான். பீரோவை வழித்துச் சாக்கில் கட்டி, மேலே நாலு தேங்காயைப் போட்டுத் தோளில் ஏற்றினான்.

எதிரே வந்த கமலாத்தாள், "காவலுக்குப் போயிட்டு வர்றயாக்கும்? நல்லா இருப்பே சாமி" என்று வாழ்த்தினாள்.

வீட்டுக்கு வந்தவன் அப்படியே நின்றான். கதவு ஆவென்று திறந்து கிடந்தது.

போலீஸ்! அந்தப் புள்ள மாமன்கிட்ட வத்தி வெச்சுருச்சு!

சாக்கை வீட்டோர வாழைமரங்களுக்குள் தள்ளிவிட்டுப் பதுங்கினான். ஜீப்பைக் காணோம், தொப்பியையும் காணோம். மெதுவாக உள்ளே போய்ப் பரணில் கையை விட்டுத் துழாவினான். கையில் ஒட்டடைதான் வந்தது.

அப்போது போன் சிணுங்கியது. புது விவரம் ஒன்று வந்திருந்தது.

'பேர் தங்கதுரை. ஊட்டுல ஆளில்லை. எதுக்குப் போறாங்கன்னு கேக்கச் சொன்னப்பவே புரிஞ்சுபோச்சு. நீங்க பட்டியலைத் தொறந்து பாத்தாலும், எங்க நின்னு பாத்தீங்கன்னு அதுவும் சர்வருக்கு வந்துருமுங்ண்ணா. சாவி தேவைப்படலை. இப்படிக்கு, செல்வப்பிரியா.'

பாவம், தங்கதுரை இனி எந்த ஸ்டேஷனில் போய், என்ன காணோம் என்று சொல்லிப் புகார் கொடுப்பான்? யோசனை இருக்கிறவர்கள் கட்டாயம் பதில் எழுதுங்கள்.